செவியறிவுறூஉ யார் செவிக்கு? சென்னை ஆர்மேனியரின் விடுதலை நூல்களும் காவிரி நாடும்

முன்னுரை

அரசியல் அறிவுரை கூறும் நூலொன்றை ஆராயப் புகுவோர் அந்நூல் நுவலும் பொருளையே முதற்கண் நோக்குவர். அஃது யாரை நோக்கி நுவலப்பட்டது என்பதனைப் பெரும்பாலும் நோக்கார். ஆயின், கேட்போர் யார் என்பதனைப் பொறுத்தே அறிவுரையின் தன்மையும் பயனும் வேறுபடுகின்றன. அரசன் செவிக்குச் சொல்லப்படுவது ஒருவகை. குடிமக்கள் செவிக்குச் சொல்லப்படுவது மற்றொரு வகை. நாடிழந்த மக்கள் விடுதலை வேண்டி எழுதிய எழுத்துக்களை மதிப்பிடுதற்கு இவ்வேறுபாடு தக்கதோர் அளவுகோலாகும் என்பது நம் கருத்து.

ஆர்மேனிய மக்களின் விடுதலை இயக்க வரலாற்றில் முதல் அரசியல் நூல் எனப் பலரும் போற்றுவது 1772ஆம் ஆண்டில் அச்சேறிய ஒரு சிறு நூலாகும். அஃது அச்சேறிய இடம் ஆர்மேனியாவன்று. ஆர்மேனியர் பெருவாரியாக வாழ்ந்த கான்ஸ்டாண்டிநோப்பிளும் அன்று. நம் சென்னை மாநகரமே. அந்நூலைத் தொடர்ந்து ஓர் அரசியற் சட்டமும், அதன்பின் ஆர்மேனிய மொழியின் முதற் செய்தித்தாளும் அந்நகரிலேயே வெளிவந்தன. தமிழ்நாட்டின் அச்சு வரலாற்றை எழுதுவோர் இவற்றை அயல்மொழி நூல்கள் என ஓரிரு வரிகளில் கூறி அமைவர். ஆர்மேனியர் வரலாற்றை எழுதுவோருள் ஒரு சாரார் சென்னையை விடுதலையின் பிறப்பிடம் எனப் புகழ்வர். மற்றொரு சாரார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய கட்சிகளிலிருந்தே இயக்கத்தைத் தொடங்குவர். இம்மூவகையாரும் கேளாத வினா ஒன்று உண்டு. அதே காலத்தில், அதே நிலத்தில், அச்சுப்பொறியை அறுபது ஆண்டு முன்னரே பெற்றிருந்த காவிரி நாடு, தன் அரசு தன் கண்ணெதிரே அழியக் கண்டும், அத்தகைய நூலொன்றை ஏன் ஈன்றெடுக்கவில்லை? அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவியறிவுறூஉ மரபு

தமிழர்க்கு அரசியல் அறிவுரை புதிதன்று. செவியறிவுறூஉ என்னும் துறையினைத் தொல்காப்பியம் பெயர் சுட்டிக் கூறும். புறநானூற்றில் அத்துறைப் பாடல்கள் பல உள. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய முப்பத்தைந்தாம் பாட்டு அவற்றுள் தலைசிறந்தது. காவிரி பாயும் நாட்டின் வளத்தைக் கூறித் தொடங்கும் அப்புலவர், களத்தில் அரசன் பெறும் வெற்றிக்கு வயலில் உழவன் விளைத்த நெல்லே அடிப்படை என்று எடுத்துரைத்து, நிலவரியின் நிலுவையை நீக்கச் செய்தார். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரி கொள்ளும் நெறியை அறிவுறுத்திய பாட்டும் இவ்வகையினதே.

இப்பாடல்களின் அஞ்சாமையைப் பாராட்டாதார் இல்லை. எனினும் அவற்றின் அமைப்பில் ஒன்று கருதற்பாலது. சொல்பவர் புலவர், கேட்பவர் அரசர், உழவர் யாரைக் குறித்துப் பேச்சு நிகழ்கிறதோ அவராக மட்டுமே நிற்பர். குறை தீர்ப்பதும் தீராது விடுவதும் அரசன் கையிலேயே உள்ளன. ஆதலின் இம்மரபு ஒரு செவியை நம்பி நிற்பது. கேட்கும் செவி ஒன்று அரியணையில் இருக்குமளவும் அது பயன் தரும். அச்செவி அறுபட்டால் என்னாகும்? அரசன் பெயரளவில் அரசனாகி, ஆளும் ஆற்றல் கணக்குப் புத்தகம் எழுதுவோர் கைக்குப் போய்விட்டால் புலவன் யாரிடம் சென்று முறையிடுவான்? பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சையில் இவ்வினா மெய்யாகவே எழுந்தது.

சென்னை ஆர்மேனியர்

ஆர்மேனியர் காக்கேசிய மலைநாட்டுக்குத் தெற்கே வாழும் தொன்மையான கிறித்தவ மக்கள். அவர்தம் இறுதி அரசான சிலீசியா 1375இல் வீழ்ந்தது. பின்னர் அவர் நாடு துருக்கியப் பேரரசுக்கும் பாரசீகத்துக்கும் இடையே பிளவுண்டது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05 ஆண்டுகளில் பழைய ஜுல்பா நகரத்து ஆர்மேனியரைப் பெயர்த்துக் கொணர்ந்து இஸ்பஹான் அருகே குடியேற்றினார். அப்புதிய ஜுல்பாவின் வணிகர் பட்டும் மணியும் கொண்டு உலகெங்கும் சென்றனர். அவருள் ஒரு பகுதியினர் சென்னையில் தங்கினர். 1688இல் கும்பினியாரோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை அவர்க்குக் கும்பினித் துறைகளில் வணிக உரிமைகளை நல்கியது.

சென்னை மக்கள் அவரை நன்கறிவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது 1726இல் பாலம் அமைத்தவரும், பரங்கிமலைக்குப் படிகள் கட்டுவித்தவரும் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகரே. ஆர்மேனியன் தெருவில் நிற்கும் தூய மரியன்னை கோயில் 1772இல் புதுக்கிக் கட்டப்பெற்றது. பாலமும் படியும் கோயிலும் கண்ணுக்குப் புலனாவன. ஆதலின் அவை நினைவில் நின்றன. அவ்வணிகருள் சிலர் செய்த மற்றொரு பணி கண்ணுக்குப் புலனாகாது நின்றது.

ஷாகமீர் ஷாகமீரியன் புதிய ஜுல்பாவில் 1723இல் பிறந்து சென்னையில் பெருஞ்செல்வரானவர். அவரும் அவர்தம் மகன் யாக்கோபும் சென்னையில் ஆர்மேனிய அச்சகமொன்றை நிறுவினர். மொவ்சேஸ் பக்ராமியன் என்னும் அறிஞர் அவரோடு சேர்ந்தார். பக்ராமியன், ஜோசப் எமினுக்குத் துணைவராய் இருந்தவர். எமின் 1726இல் ஹமதானில் பிறந்து, கல்கத்தாவில் இருந்த தந்தையாரிடம் வந்து, அங்கிருந்து இலண்டன் சென்று போர்ப்பயிற்சி பெற்றவர், ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்கிளியின் துணைகொண்டு ஆர்மேனியாவை விடுவிக்க முயன்றவர், அம்முயற்சி பலிக்கவில்லை. அவர்தம் தன்வரலாறு 1792இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வாளால் இயலாது போனதைச் சென்னைக் குழுவினர் எழுத்தால் முயன்றனர் எனலாம்.

ஊக்குரை நூல்

1772இல் வெளிவந்த முதல் நூலின் பெயர் ‘நோர் தெத்ராக்’. ‘ஹோர்தோராக்’ எனவும் வழங்கும். புதிய சுவடி என்பது முன்னதன் பொருள். ஊக்கும் உரை என்பது பின்னதன் பொருள். இதன் ஆசிரியர் பக்ராமியன் என்பது பழைய கொள்கை. ஷாகமீரியனுக்கும் அவர்தம் மகனுக்கும் ஆக்கத்தில் பெரும்பங்கு உண்டென்பர் பின்வந்தோர். ஆசிரியர் யாராயினும் நூலின் நோக்கம் அதன் நீண்ட தலைப்பிலேயே வெளிப்படை. சோம்பல் என்னும் துயிலில் ஆழ்ந்த ஆர்மேனிய இளைஞரை எழுப்புவதற்கென அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

ஈண்டு நம் அளவுகோலைப் பொருத்திக் காண்போம். பெயரால் இந்நூல் செவியறிவுறூஉவே. ஆனால் கேட்கும் செவி மாறிவிட்டது. ஆர்மேனியர்க்கு அக்காலத்தில் அரசன் இல்லை. ஆதலின் அரசனை விளித்தல் இயலாது. நாடெங்கும் கடலெங்கும் சிதறிய இளைஞரையே நூல் விளிக்கிறது. நாட்டின் நிலவியலையும் வரலாற்றையும் அவர்க்குக் கற்பிக்கிறது. நாடு எதனால் அழிந்தது என்று வினவுகிறது. பகைவர் வலியரானமையால் அழிந்தது என்னும் எளிய விடையோடு அது நின்றிருக்கலாம். அவ்வாறு நில்லாது, முன்னோரான ஆர்மேனிய மன்னர் சட்டத்துக்கு அடங்காது தம் விருப்பின்படி ஆண்டமையும், மக்கள் ஒற்றுமையின்றி அறியாமையில் கிடந்தமையும் அழிவின் காரணங்கள் என்று கூறுகிறது. தம் குலத்துப் பழம்பெருமையைப் பாடும் உரிமையுடையார் அப்பெருமைக்குரிய அரசரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிய செயலன்று. இந்நூலின் தனிச்சிறப்பு இதுவே என்று நாம் கருதுகிறோம்.

தஞ்சை வீழ்ந்த ஆண்டு

ஊக்குரை வெளிவந்த மறு ஆண்டு, 1773 செப்டம்பரில், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்காகக் கும்பினிப் படை தஞ்சைக் கோட்டையைக் கைப்பற்றியது. மராட்டிய மன்னர் துளஜா சிறைப்பட்டார். நவாபுக்குக் கும்பினி ஊழியர் பலர் தனிப்படக் கடன் கொடுத்திருந்தனர். அக்கடனுக்கு ஈடாகத் தஞ்சை நாட்டு வருவாய் எழுதித் தரப்பெற்றது. பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர் ஒருவர் மட்டும், தஞ்சை வருவாயின் மீதும் வயல்களில் நின்ற விளைச்சலின் மீதும் தமக்கு இரண்டு இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட உரிமை உண்டென வழக்காடினார். இலண்டன் மேலிடத்தின் ஆணைப்படி ஆளுநர் பிகட்டு 1776 ஏப்பிரலில் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவ்வாளுநரையே அவர்தம் ஆட்சிக் குழுவினர் சிறை செய்தனர். 1777இல் அவர் காவலிலேயே உயிர் நீத்தார்.

காவிரிக் கழனியில் கதிர் முற்றுமுன்னரே அந்நெல் சென்னையில் கடன் பத்திரமாகிக் கைமாறியது. வெள்ளைக்குடி நாகனார் அன்று இருந்திருப்பின் யார்முன் சென்று நிலுவை நீக்கக் கேட்பார்? துளஜாவிடமா, முகம்மது அலியிடமா, ஆட்சிக் குழுவினரிடமா, கடன் கொடுத்தவரிடமா? செவி எங்கிருக்கிறது என்பதே அறியாத நிலை அது. இவை யாவும் நிகழ்ந்தது ஷாகமீரியனின் அச்சகம் இருந்த நகரிலேயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

புகழ்க் கண்ணி

சென்னைக் குழுவினரின் இரண்டாம் நூல் ‘வொரொகாய்த் பாராட்ஸ்’. புகழ்க் கண்ணி எனத் தமிழாக்கலாம். ஈண்டுக் கண்ணி என்றது சூடும் மாலையை அன்று. விலங்கைப் பிடிக்கும் வலைக்கண்ணியை. தற்புகழ் வேட்கையால் சட்டத்தை மீற முயல்வோரைச் சட்டம் என்னும் கண்ணியே பிடித்து அடக்கும் என்பது தலைப்பின் கருத்து. நூலின் முற்பகுதி தன்னாட்சியின் தேவையைக் காரண காரியத்தோடு நிறுவும். பிற்பகுதி விடுதலை பெறப்போகும் ஆர்மேனியாவுக்கு 521 பிரிவுகள் கொண்ட சட்டத்தை வகுக்கும். மக்கள் தேர்ந்தெடுக்கும் ‘ஆர்மேனியர் இல்லம்’ என்னும் அவை, அவ்வவைக்குக் கட்டுப்பட்ட ஆட்சியாளர், ஆண் பெண் இருபாலார்க்கும் கல்வி, படை, வரி, நீதிமன்றம் என ஒரு நாட்டுக்கு வேண்டுவன அனைத்தும் அதில் உள்ளன. நாடு கையில் இல்லை. நாட்டின் சட்டம் கையில் இருந்தது.

நூலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தலைப்புப் பக்கத்தில் 1773 என்னும் ஆண்டும் யாக்கோபின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. யாக்கோபு 1774இல் மலாக்காவில் இறந்தார். நூல் 1787-89 ஆண்டுகளில்தான் அச்சாகி முற்றுப்பெற்றது என ஆய்வாளர் பலர் கொள்வர். 1773ஐக் கொள்வோர், 1787இல் எழுதப்பெற்ற அமெரிக்க அரசியற் சட்டத்துக்கும் இது முற்பட்டது எனப் பெருமிதம் அடைவர். பெருமைக்காகக் காலத்தை முற்படுத்துதல் ஆராய்ச்சி நெறியாகாது. மேலும், பிற்பட்ட காலத்தைக் கொள்வதால் நூலின் மதிப்புக் குறைவதும் இல்லை. நம் நோக்கில் அது கூடுகிறது. பிற்காலத்ததாயின், ஒரு கோட்டை கடனுக்காக வீழ்ந்ததையும், அரியணை ஏலப்பொருள்போல் கை மாறியதையும், ஆளுநரையே அவர் அவை சிறையிட்டதையும் அருகிருந்து கண்ட நகரத்தில் அந்நூல் முற்றுப்பெற்றது என்றாகும். மான்டெஸ்கியு முதலிய ஐரோப்பிய அறிஞரின் கொள்கைகள் நூலில் கலந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் தனி மனிதர் விருப்பின்படி நடக்கும் ஆட்சி எத்தகையது என்பதைச் சென்னையில் வாழ்ந்த ஒருவர் புத்தகத்திலிருந்துதான் கற்றிருக்க வேண்டும் என்பதில்லை. சோழநாட்டின் வீழ்ச்சியும் அந்நூலுக்கு எழுதப்படாத உரைபோல் நிற்கிறது என்பது நம் துணிபு.

இவற்றோடு 1783இல் வெளிவந்த வழிகாட்டிச் சுவடி ஒன்றும் உண்டு. சென்னை ஆர்மேனியக் குடிகள் தம் பொதுக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் ஒழுங்கை அது கூறும். தொலைவிலுள்ள நாட்டுக்குச் சட்டம் வகுத்தோர் தம் தெருவில் அதனைப் பயின்று பார்க்கவும் விரும்பினர் என்று இதனால் அறியலாம்.

தடையும் குறையும்

இந்நூல்களுக்கு முதல் எதிர்ப்புத் துருக்கியரிடமிருந்தோ பாரசீகரிடமிருந்தோ வரவில்லை. எச்மியாட்சினில் இருந்த ஆர்மேனியத் திருச்சபைத் தலைவர் சிமியோன் ஊக்குரை நூலைக் கண்டித்து, அதன் படிகளை எரிக்குமாறு பணித்தார். அவரைப் பிற்போக்கர் என்று ஒரு சொல்லால் ஒதுக்குதல் நீதியாகாது. அவர்தம் திருப்பதி பாரசீகக் கான் ஒருவரின் ஆட்சி எல்லைக்குள் இருந்தது. சென்னையில் பாதுகாப்பாக அச்சிட்ட எழுத்துக்குரிய தண்டனையை அரராத்து மலையடியில் வாழ்ந்த உழவரே ஏற்க நேரும் என்று அவர் அஞ்சினார். நாட்டுக்கு வெளியே இருந்து எழுதப்படும் விடுதலை நூல் எதற்கும் இவ்வச்சம் ஒரு நிழலாகத் தொடரும். ஆனால் அச்சிமியோனும் அச்சின் ஆற்றலை அறிந்தவரே. எச்மியாட்சினில் 1771இல் அச்சகம் நிறுவியவர் அவரே.

நூல்களின் குறையையும் கூறுதல் கடனாகும். ஊக்குரை விளித்த இளைஞர் எழுத்தறிவு பெற்ற வணிகக் குடியினர். மலைநாட்டில் ஏர் பிடித்தவர் அதனைப் படித்தல் அரிது. ஆர்மேனியரல்லாதாரும் நாட்டில் சமமாகவும் உரிமையோடும் வாழலாம் என்று கூறும் சட்டம் ஆர்மேனியத் திருச்சபைக்குத் தனியிடமும் தருகிறது. அச்சட்டத்தின் சமன்மை ஆர்மேனியாவுக்கே உரியது. அந்நூல் அச்சான தெருவில் மூட்டை சுமந்த தமிழனுக்கு அதில் இடமில்லை. அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. ஆயினும் ஒரு நகரத்தின் வாணிகச் செழிப்பு யார் உழைப்பால் வந்தது என்பதை மறந்து, ‘தமிழ் மண் ஈன்ற விடுதலை நூல்’ என்று நாம் மகிழ்தல் பொருந்தாது.

காவிரி நாட்டு அச்சு

இனி நம் வினாவுக்கு வருவோம். அச்சுப்பொறி இல்லாமையால் தஞ்சை நாடு வாளாவிருந்தது எனக் கூறவியலாது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு முதலிய டேனிய சமயத் தொண்டர்க்கு 1712இல் அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்களும் அதனைத் தொடர்ந்து வந்தன. புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கு அச்சாயிற்று. எழுத்து வார்க்கும் பட்டறையும் காகித ஆலையும் அங்கே எழுந்தன. காவிரி கடலோடு கலக்கும் நாட்டில், ஆர்மேனிய அச்சகத்துக்கு அறுபது ஆண்டுகட்கு முன்னரே, கருவி முழுதும் ஆயத்தமாக இருந்தது. ஆனால் கருவி சமயத் தொண்டர் கையில் இருந்தது. அது பேசிய செய்தி மறுமை பற்றியது. உரைநடைக்கும் அகராதிக்கும் அவர் செய்த நன்மை பெரிது. அரசியல் அவர் பொருளன்று.

இரண்டாவதாக ஓர் அச்சகம் தஞ்சை அரண்மனையிலேயே தோன்றிற்று. இரண்டாம் சரபோசி மன்னர் 1798இல் பட்டம் ஏறினார். 1799 அக்டோபர் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கும்பினியார்க்கு விட்டுக் கோட்டையளவில் அமைந்தார். அவர் நிறுவிய நவவித்யா கலாநிதி சாலையில் 1805ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவநாகரி எழுத்தால் நூல்கள் அச்சாயின. ஈசாப்புக் கதைகளின் மராத்தி ஆக்கம் அவற்றுள் ஒன்று. ஷாகமீரியனும் நாடற்றவர்; சரபோசியும் ஒருவகையில் நாடற்றவர். இருவர் கையிலும் அச்சுப்பொறி இருந்தது. ஒருவர் அதனால் நாடு எவ்வாறு ஆளப்பட வேண்டும் என்று அச்சிட்டார். மற்றவர் சிறுவர் கற்கக் கதை அச்சிட்டார். இதனால் சரபோசியைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்து அவர் காத்த சுவடிகளுக்கு ஆராய்ச்சியுலகம் என்றும் கடப்பாடுடையது. அரசனாகப் பிறந்தவன் அரசனைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எழுத வேண்டுவது இயற்கையன்று என்பதே நாம் கூற வருவது.

புலவர் செய்தது யாது? கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அம்மன்னரைத் தலைவனாக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். இசையும் நாடகமும் இயைந்த நல்ல நூல் அது. ஆனால் ‘பூபாலன்’ என்னும் சொல்லை நோக்குக. பூமியைப் புரப்பவன் என்பது அதன் பொருள். பாட்டுடைத் தலைவன் புரந்த பூமியோ கோட்டை மதிலோடு நின்றது. மரபு தன் செவியை இழந்தபின்னும் அச்செவி இருப்பதாகவே கொண்டு பாடியது. தஞ்சையில் விடுதலை நூல் தோன்றாமைக்கு இதுவே தலையாய காரணம் என்று நாம் துணிகிறோம். அச்சு இருந்தது, கல்வி இருந்தது, இழப்பும் இருந்தது. விளிக்கப்படுவோர் மாற வேண்டும் என்னும் எண்ணம் ஒன்றே இல்லை. அரசன் இல்லாத வெறுமை ஆர்மேனியரைக் குடிமக்களிடம் திருப்பியது. அரசன் இருப்பது போன்ற தோற்றம் தஞ்சைப் புலவரை அரண்மனை வாயிலிலேயே நிறுத்தியது.

அரங்கத்து மதில்

ஆயினும் காவிரிக் கரை முற்றும் ஊமையாக இருந்ததன்று. 1801 ஜூனில் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பெற்றது. சம்புத் தீவின் மக்கள் அனைவரையும், அதனைக் காண்போர் எவரோ அவரையே, அது விளிக்கிறது. அந்தணர் முதல் நான்கு வருணத்தாரையும் முசுலிம்களையும் ஒருங்கே அழைக்கிறது. கும்பினிப் படையில் ஊழியம் செய்வோரையும் விடவில்லை. நவாபு அறியாமையால் அயலார்க்கு இடம் தந்ததையும், நாட்டவர் ஒற்றுமையின்றி இருந்ததையும் அழிவின் காரணங்களாகக் காட்டுகிறது. ஊக்குரை நூல் கூறிய காரணங்களோடு இவை ஒத்துவருதல் வியப்புக்குரியது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதன்று. ஒத்த நோயை உற்றவர் ஒத்த சொற்களைக் காண்பர்.

செவி மாறிவிட்டது, இது பெரிய மாற்றம். மாறாதது ஒன்று உண்டு. வென்றபின் நாடு எவ்வாறு நடக்கும் என்னும் வினாவுக்கு அறிக்கையின் விடை, வழிவழி வந்த உரிமையை அவரவர்க்கு மீட்டுத் தருதல் என்பதே. பணியாதாரைக் கட்டுப்படுத்துவதும் சட்டமன்று; சாபம். ஆர்மேனிய நூல் பழைய அரசரைக் குறை கூறிப் புதிய சட்டத்தை நாடியது. மருதுவின் அறிக்கை அயலாரைக் குறை கூறிப் பழைய முறையை நாடியது. போர்க்களத்தில் நின்று எழுதியவர்க்கு 521 பிரிவு வகுக்கும் ஓய்வு இல்லை என்பதையும் மறத்தலாகாது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மதிலில் ஒட்டிய தாள் கிழிந்துபோம். அச்சான நூலோ எரித்தாலும் எஞ்சும். ஒன்று நமக்கு மொழிபெயர்ப்பாகக் கும்பினி ஆவணத்தின் வழி வந்தது. மற்றது தன் மொழியிலேயே நிலைத்தது.

பின் நிகழ்ந்தவை

சென்னையில் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்னும் குரு 1794இல் ‘அஸ்தரார்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். ஆர்மேனிய மொழியின் முதல் செய்தித்தாள் அதுவே. பதினெட்டு இதழ்களோடு 1796இல் அது நின்றது. ஷாகமீரியன் 1797இல் மறைந்தார். ஷ்மாவோனியன் 1824இல் மறைந்து ஆர்மேனியன் தெருக் கோயில் வளாகத்தில் அடக்கமானார்.

ஆர்மேனியாவில் விடுதலை எளிதில் வரவில்லை. 1862இல் செய்தூன் மலையூரினர் கிளர்ந்தனர். 1878இன் பெர்லின் உடன்படிக்கை வாக்களித்த சீர்திருத்தம் ஏட்டளவில் நின்றது. 1885இல் வானில் அர்மெனகான், 1887இல் ஜெனீவாவில் ஹின்சாக், 1890இல் திப்லிசில் தாஷ்னாக் எனக் கட்சிகள் எழுந்தன. ஊக்குரை எட்டாத உழவரை எட்டியவர் இக்கட்சியினரே. 1894-96 ஆண்டுகளின் படுகொலைகளையும், 1915இல் தொடங்கிய இனப்பேரழிவையும் அம்மக்கள் உற்றனர். 1918 மே மாதத்தில் குடியரசு பிறந்தது. 1920இல் அது சோவியத்து ஆட்சியுள் அடங்கியது. 1991இல் ஆர்மேனியா மீண்டும் தனிநாடாயிற்று. இந்நெடிய துன்ப வரலாற்றைச் சென்னை நூல்களே நிகழ்த்தின என்பாரும், அவற்றுக்கு இதில் பங்கே இல்லை என்பாரும் ஒருங்கே தவறுவர். கட்சிகள் படையைத் திரட்டின. வென்றபின் எத்தகைய நாடு வேண்டும் என்னும் வினாவை அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே எழுதிவைத்தவர் சென்னைக் குழுவினர்.

முடிவுரை

விடுதலை எழுத்தை மதிப்பிடுதற்கு மூன்று வினாக்கள் போதும். அது யாரை விளிக்கிறது? இழப்புக்கு யாரைப் பொறுப்பாக்குகிறது? மீட்டபின் எதனைக் கட்டும்? குறவஞ்சி பாடிய தஞ்சையில் முதல் வினாவே எழவில்லை. அரங்கத்து மதிலில் முதலிரு வினாக்களுக்கு விடை கிடைத்தது. ஆர்மேனியன் தெருவில் மூன்றுக்கும் விடை எழுதப்பட்டது; ஆயின் அவ்விடையும் ஏர் பிடித்தவன் செவியை எட்டவில்லை.

இவ்வளவுகோலைப் பிற்காலத்துக்கும் நீட்டலாம். 1930இல் வேதாரணியத்துக்கு உப்பு அள்ளச் சென்றோர் வழிநெடுகத் தஞ்சை நாட்டு ஊர்களை விளித்துப் பேசினர். செவி முற்றிலும் மாறிவிட்டமைக்கு அது சான்று. ஆயினும் அந்நாட்டுக் கழனியில் நாற்று நட்ட பண்ணையாளைப் பெயர் சொல்லி விளித்த சட்டம், விடுதலைக்குப் பின்னர் 1952இல் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே. வெள்ளைக்குடி நாகனார் யாருக்காகப் பேசினாரோ அவரிடமே பேசுதற்கு நம் நாட்டுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் விடுதலை எழுத்தைப் பாட்டுக்களிலும் செய்தித்தாள்களிலும் மட்டும் தேடுகின்றனர். உடன்படிக்கை, அறிக்கை, விண்ணப்பம், சட்ட வரைவு ஆகியவற்றையும் இலக்கியத் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்ளுதல் வேண்டும். சென்னை ஆர்மேனிய நூல்களை மூலத்திலிருந்தே தமிழாக்கி, 1801இன் அறிக்கையோடு எதிரெதிர் வைத்துக் கற்பித்தல் தமிழ்த் துறைகளுக்குரிய பணியாகும். அவ்வாறு கற்கும் மாணாக்கர் ஒவ்வொரு பனுவலின் முன்னும் நின்று முதலில் கேட்க வேண்டிய வினா எளியது: இவ்வறிவுரை யார் செவிக்கு?